தம்பிக்குத் தண்டுவடத்தில் அடி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

தாராபுரத்துக்காரி | 2024 ஆகஸ்ட் 4, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். இங்கே புதிது. எங்கே கேட்பது என்று தெரியாமல் கேட்கிறேன்.

தம்பிக்கு 26 வயது. திருப்பூர் பக்கம் ஒரு கட்டட வேலையில் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்தவன், மே மாதக் கடைசியில் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். டி12, அதாவது முதுகெலும்பில் நெஞ்சுப் பகுதியின் பன்னிரண்டாவது, கடைசி எலும்பு என்கிறார்கள். ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, அசைவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் டிஸ்சார்ஜ். கையில் கொடுத்தது ஒரு மாத்திரைச் சீட்டு, மாட்டிவிட்ட யூரின் பை, "பிசியோ பண்ணுங்க, பார்க்கலாம்" என்ற ஒரு வார்த்தை. எதைப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா தினமும் காலையில் செங்கல்லைச் சூடு செய்து துணியில் சுற்றிக் காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறார். மலம் போக இனிமா வைக்கிறோம், ஒரு நாள் போகிறது, மூன்று நாள் போவதில்லை. நேற்று துடைத்துவிடும்போது பார்த்தேன், பின்பக்கம் வாலெலும்பு இருக்கும் இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருக்கிறது. அவனுக்கு வலிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு யாரிடமும் பேச மாட்டேன் என்கிறான். நடப்பானா என்று யாராவது சொல்லுங்கள்.

நாலுசக்கரம் | ஆகஸ்ட் 4, இரவு 11:52

சகோதரி, மற்றதெல்லாம் நாளைக்கு. முதலில் அந்தச் சிவப்பு. இப்போதே போய் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்ததும் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் தாமதமாகவில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அது பெட்சோரின், படுக்கைப் புண்ணின், முதல் படி. எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் எடை படவே கூடாது. சிவப்பு முழுக்கப் போகும்வரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வலது பக்கம், இடது பக்கம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். அலாரம் வையுங்கள். காலிடுக்கில் தலையணை. தோல் உரிந்தாலோ நிறம் கறுத்தாலோ உடனே டாக்டர்.

மெடிக்கலில் நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையம் தருவார்கள். வாங்காதீர்கள். அது சுற்றியிருக்கும் தோலின் ரத்த ஓட்டத்தைத் தடுத்து இன்னும் கெடுக்கும்.

அப்புறம் அந்தச் செங்கல். இன்றோடு நிறுத்துங்கள். உணர்ச்சி இல்லாத காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் உங்களுக்கே தெரியும். எனக்கு 14 வருடத்துக்கு முன் டி4-இல் அடி, அதே நெஞ்சுப் பகுதியில் இன்னும் மேலே. மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்து தொடை கொப்புளித்தவன் நான். அம்மாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். அவர்களுக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஈரோட்டு பிசியோ | ஆகஸ்ட் 5, காலை 6:40

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

நடப்பானா என்பதற்கு நேர்மையான பதில்: ஆள் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆசனவாய்ப் பகுதியில் தொடு உணர்ச்சியோ இறுக்கமோ கொஞ்சமாவது இருந்தால் அது முழு வெட்டு இல்லை, மூளையோடு தொடர்பு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அதைத் தண்டுவடம் தெரிந்த மறுவாழ்வு மருத்துவர் சோதித்துச் சொல்வார். ஆனால் ஒன்று. டி12 என்றால் கையும் நெஞ்சும் வயிறும் முழு பலத்தோடு இருக்கும். தானே எழுந்து உட்கார்வது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது, குளிப்பது, உடை மாற்றுவது, எல்லாம் அவரால் கற்றுக்கொள்ள முடியும். வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து காலை மடக்கி நீட்டிவிட்டுப் போகும் பிசியோவால் இதைக் கற்றுத்தர முடியாது (நான் இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்). ஒரு மறுவாழ்வு மையத்தில் சில வாரமாவது தங்க வேண்டும்.

நம்பிக்கை1972 | ஆகஸ்ட் 5, காலை 9:15

தங்கச்சி கவலை வேண்டாம். எங்கள் பக்கம் ஒரு வைத்தியர் மூலிகை எண்ணெய் போட்டு வர்மம் தட்டி மூன்று மாதத்தில் எழுந்து நடக்க வைக்கிறார். என் சொந்தக்காரர் பையனே சாட்சி. வசதி இருந்தால் ஸ்டெம்செல் ஊசியும் போடலாம், மூன்று லட்சம்தான். நம்பிக்கையை மட்டும் இழக்காதீர்கள்.

நாலுசக்கரம் | ஆகஸ்ட் 5, காலை 9:31

அந்த மூன்று லட்சத்தை எங்கள் வீட்டில் ஏற்கெனவே கட்டிப் பார்த்துவிட்டோம். அரை ஏக்கர் போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டியிலேயே தெளிவாக இருக்கிறது: சில ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம்செல் எதுவும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.

நம்பிக்கை1972 | ஆகஸ்ட் 5, காலை 9:48

உங்களுக்குப் பலிக்கவில்லை என்பதால் எல்லோருக்கும் பலிக்காது என்று சொல்லலாமா?

மல்லிகைப்பந்தல் | ஆகஸ்ட் 5, காலை 10:20

ஐயா, உங்கள் சொந்தக்காரர் பையனுக்குத் தண்டுவடம் நசுங்கியிருந்ததா, வீங்கியிருந்ததா? வீக்கம் என்றால் அது வற்றும்போது தானாகவே கொஞ்சம் திரும்பும். அந்தப் பெயரை அப்போது யார் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாரோ அவர் வாங்கிக்கொள்வார். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர் பெயர் வாங்கினார்கள்.

மனுச்சோழன் | ஆகஸ்ட் 5, மதியம் 1:05

எல்லோரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காகிதம் பேசுகிறேன், அது என் வியாதி.

வேலை நேரத்தில், வேலை இடத்தில்தானே விழுந்தார்? அப்படியென்றால் 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி பணம் தர வேண்டும். தினக்கூலி, பதிவு இல்லை, மேஸ்திரி வழியாகப் போனவர் என்பதெல்லாம் தடை இல்லை. மேஸ்திரிக்கு வக்கில்லை என்றால் வேலையைக் கொடுத்த ஒப்பந்தக்காரரே பொறுப்பு. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தார்கள் என்றால் வழி வேறு, அங்கே மாதாமாதம் பணம் வரும். பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கணக்கு இப்படி. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 60 சதவீதம் 9,000. 26 வயதுக்குக் காரணி 215.28. பெருக்கினால் 19,37,520 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் தரவில்லை என்றால் 12 சதவீத வட்டி. மனு தொழிலாளர் துறை துணை ஆணையரிடம். விபத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டாக்டர் சான்றில் சம்பாதிக்கும் திறன் 100 சதவீதம் போய்விட்டது என்று இருக்க வேண்டும், அதைக் குறைத்து எழுதினால் தொகையும் குறையும்.

எடுத்து வைக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர். நகல், முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, கூலி ஜிபேயில் வந்திருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட், கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர். முக்கியமாக, "இதை வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போடும்மா" என்று யாராவது வந்தால் போடாதீர்கள்.

தாராபுரத்துக்காரி | ஆகஸ்ட் 5, இரவு 8:40

அழுத்திப் பார்த்தேன், வெளுத்துத் திரும்பச் சிவந்தது. ராத்திரி முழுக்க நானும் அம்மாவும் மாறி மாறித் திருப்பிவிட்டோம். இன்று சாயங்காலம் சிவப்பு பாதியாகிவிட்டது. செங்கல்லை அம்மா கொல்லையில் வைத்துவிட்டார்.

மனுச்சோழன் அண்ணா, மேஸ்திரி போன வாரம் வந்து 50,000 கொடுத்தார். ஒரு பேப்பரும் கொண்டுவந்தார். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாததால் அப்புறம் போடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். உங்கள் பதிலைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மனுச்சோழன் | ஆகஸ்ட் 5, இரவு 8:44

அந்தக் கண்ணாடியை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

பேப்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு வக்கீல் இலவசம்.

அடுத்தது யுடிஐடி அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை. ஆன்லைனில் விண்ணப்பம், பிறகு மாவட்ட அரசு மருத்துவமனையில் சோதித்துச் சதவீதம் போடுவார்கள். 40-க்குக் கீழ் வெள்ளைப் பட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-க்கு மேல் நீலம். இது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. அதை வைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை, 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000. ஆந்திராவில் இந்த ஜூலையிலிருந்து 6,000, படுத்த படுக்கை என்றால் 15,000 என்பதையும் வயிற்றெரிச்சலோடு சொல்லி வைக்கிறேன். வருவாய்த் துறை ஓய்வூதியமும் இதுவும் சேர்ந்து வாங்க முடியாது, இரண்டில் ஒன்று.

நிராமயா காப்பீட்டுக்கு எழுதிப் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம், இந்த நான்குக்கு மட்டும். தண்டுவடத்துக்குக் கிடையாது. அலைய வேண்டாம்.

மல்லிகைப்பந்தல் | ஆகஸ்ட் 5, இரவு 10:10

என் வீட்டுக்காரருக்கு எல்1-இல் அடி, டி12-க்கு அடுத்த எலும்பு. ஒன்பது வருடம். பெண் பிள்ளை என்பதால் உங்களிடம் வெளிப்படையாகப் பேசுகிறேன்.

யூரின் பையை எத்தனை நாளைக்கு மாட்டி வைத்திருப்பீர்கள்? அது உள்ளேயே இருந்தால் இன்ஃபெக்‌ஷன் வந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு முதல் வருடம் மட்டும் ஐந்து முறை காய்ச்சல். பிறகுதான் ஒரு டாக்டர் சிஐசி சொல்லிக்கொடுத்தார். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, சோப்புப் போட்டுக் கை கழுவி, மெல்லிய குழாயை உள்ளே விட்டு முழுவதும் வடித்துவிட்டு எடுத்துவிடுவது. அவ்வளவுதான். ஒரு தடவை வடிவது அரை லிட்டரைத் தாண்டாத மாதிரி தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் டாக்டரிடம் கேட்டு, நேரில் கற்றுக்கொண்ட பிறகுதான். கேட்டால் "அதெல்லாம் வீட்டில் கஷ்டம்" என்பார்கள். விடாதீர்கள்.

மலத்துக்கும் நேரம் பழக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலை டிபன் முடிந்து அரை மணி நேரம் கழித்து. சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அதைப் பிடித்துக்கொள்வதுதான் சூட்சுமம். தினமும் ஒரே நேரம். கையுறை போட்டு விரலால் எடுக்க வேண்டி வரும். முகம் சுளிக்க ஒன்றுமில்லை. இது சரியானால்தான் மனிதர் வெளியே வருவார். எந்தக் கல்யாணத்துக்கும் வர மாட்டேன் என்று இவர் மூன்று வருடம் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் கால் இல்லை. இதுதான்.

2022 நவம்பரில் மெரினாவில் கடல்வரை மரப்பாதை திறந்தார்களே, அங்கே கூட்டிப்போனேன். அலை பக்கத்தில் போய் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைப் பிய்த்துப் போட்டது. "நான் போய்ட்டு வந்துட்டேன், இனி அது என்ன ஆனா எனக்கென்ன" என்று சிரித்தார். பிறகு சரி செய்துவிட்டார்கள், மறுபடியும் போனோம்.

ஈரோட்டு பிசியோ | ஆகஸ்ட் 6, காலை 7:02

ஒரு திருத்தம் போல ஒன்று. சிஐசி, மலம் எடுப்பது இரண்டையும் தம்பியே செய்ய முடியும். கை நன்றாக இருக்கிறது. அக்காவும் அம்மாவும் கற்றுக்கொண்டு செய்ய ஆரம்பித்தால் அப்படியே நிலைத்துவிடும். ஆரம்பத்திலிருந்தே அவரையே கற்கச் சொல்லுங்கள்.

பாகாயம் பழையவன் | ஆகஸ்ட் 6, காலை 11:30

மறுவாழ்வு மையம் என்றால் எங்கே போவது என்று யோசிப்பீர்கள். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது, 1966-இல் ஆரம்பித்தது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நான் அங்கே இரண்டரை மாதம் இருந்தேன். முதல் வாரம் வாழ்க்கை முடிந்தது என்று படுத்திருந்தேன். எதிர்க் கட்டில்காரர் என்னைவிட மேலே அடிபட்டவர், அவர் தானாகச் சட்டை போட அரை மணி நேரம் போராடியதைத் தினமும் பார்த்தேன். பதினோராம் நாள் பதினைந்து நிமிடத்தில் போட்டார். நான் எழுந்து உட்கார்ந்தது அன்றுதான். ஒரு டாக்டரும் இதை எனக்கு எழுதித் தரவில்லை. பழைய நோயாளிகள் திரும்ப வந்து கூடும் மேளா ஒன்றும் அங்கே நடக்கும்.

தெற்கே என்றால் தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். 1975-இல் கடற்படைத் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. பெயர்க் காரணம் தெரியுமா? ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் பாதி. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே அங்கே தங்கும் மையம் உண்டு. திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ இருக்கிறது, தமிழ்நாட்டு இளையோர் மகளிர் கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்து அடிபட்ட பிரீத்தி ஸ்ரீனிவாசன் தொடங்கியது. மூன்று இடத்துக்கும் போன் போட்டுக் கட்டில், காத்திருப்பு, செலவு எல்லாம் கேளுங்கள். மூன்றையும் ஆரம்பித்தவர்கள் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் என்பதைத் தம்பி காதில் படும்படி யாராவது பேசிக்கொண்டால் நல்லது.

மாங்குளத்தான் | ஆகஸ்ட் 6, பிற்பகல் 3:18

வணக்கம் தங்கச்சி. நான் இலங்கையில், வன்னியில் இருக்கிறன். இங்க நாங்கள் முள்ளந்தண்டு வடம் எண்டு சொல்லுவம். 2009இல ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழ இயங்காமல் போனது. அந்த நேரம் இங்க என்னைப் போல நிறையப் பேர், ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வீட்டு மூலையில. அடியில சாகாத எத்தனையோ பேர் படுக்கைப் புண்ணில செத்தவை. பிறகு நாங்களே சேர்ந்து உயிரிழை எண்டு மாங்குளத்தில ஒரு அமைப்பு. புண் வந்தவையை வைச்சுப் பராமரிக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பாக்கிறது. புதுசா அடிபட்ட ஆளிட்ட முதல் போறது பழைய ஆள்தான். சில்லுக்கதிரையில, நீங்கள் சொல்லுற சக்கர நாற்காலியில, வாற ஒருத்தனைப் பாத்தாப் பிறகுதான் சனம் கதைக்கத் தொடங்குது.

தம்பி இருக்கிற ஊரில, சுத்துவட்டாரத்தில, இப்பிடி ஒருத்தர் கட்டாயம் இருப்பார். விசாரிச்சுப் பாருங்கோ.

நாலுசக்கரம் | ஆகஸ்ட் 6, மாலை 6:05

அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. அவசரமாக ஒன்று மற்ற வாசகர்களுக்கு: என்னைப் போல டி6-இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குத் திடீரென்று மண்டை வெடிக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை வந்தால் பிரஷர் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, யூரின் குழாய் மடங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. தாராபுரம் தம்பிக்கு டி12, இந்தப் பயம் இல்லை.

வீட்டு வேலை ஏதாவது ஆரம்பித்துவிட்டீர்களா?

தாராபுரத்துக்காரி | ஆகஸ்ட் 7, இரவு 9:50

மாமா வந்து வாசலில் சறுக்குப் பாதை போடக் கொத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று படி, ஒன்றரை அடி உயரம். நான்கு அடி நீளத்துக்குச் சரிவாகப் பூசிவிடலாம் என்கிறார்.

மல்லிகைப்பந்தல் | ஆகஸ்ட் 7, இரவு 10:02

ஐயோ, அது மாட்டைக் கீழே இறக்கும் சறுக்கு. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஒன்றரை அடி என்றால் 18 அங்குலம், ஆக 18 அடி. வாசலில் இடம் இல்லை என்றால் பாதியில் ஒரு சமதளம் வைத்து எல் மாதிரி திருப்புங்கள். ஒன்பது வருடத்துக்கு முன் நாங்கள் ஐந்து அடியில் போட்டு, இவர் பின்பக்கமாகக் குடை சாய்ந்து, பிறகு இடித்தோம். பாத்ரூம் கதவையும் பாருங்கள், நாற்காலியே 25 அங்குலம் இருக்கும், பெரும்பாலான வீட்டில் கதவு 24.

நாலுசக்கரம் | ஆகஸ்ட் 7, இரவு 10:30

சகோதரி, தப்பாக நினைக்காதீர்கள். நான்கு நாளாக ஒன்று மனதில் இருக்கிறது. இவ்வளவும் தம்பிக்குத் தெரியுமா? அவருடைய மலம், மூத்திரம், மேஸ்திரி பேப்பர், வாசல் படி, எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஏழு பேர் பேசி முடிவு செய்துவிட்டோம். எனக்கும் இப்படித்தான் நடந்தது. வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடி என்னைப் பற்றிப் பேசுவார்கள், நான் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது அதனால்தான்.

அவருக்கு உங்களிடம் கேட்க முடியாத கேள்விகளும் இருக்கும். 26 வயசு. கல்யாணம், மற்றது எல்லாம். அதற்கு என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவரிடம் கொடுங்கள். கூப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

தாராபுரத்துக்காரி | ஆகஸ்ட் 8, காலை 6:15

இல்லை அண்ணா. தெரியாது. சொல்கிறேன்.

மூணாவது மாடி | ஆகஸ்ட் 19, பிற்பகல் 2:25

நான்தான் அந்தத் தம்பி. அக்கா போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். என் இனிமாவைப் பற்றி மதுரை வரைக்கும் தெரியும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது.

முதலில் ஒரு திருத்தம். விழுந்தது மூன்றாவது மாடி. இரண்டாவது இல்லை. மனு எழுதும்போது தப்பாகிவிடக் கூடாது. வேலை நேரம்தான், காலை பத்தரை. கூட இருந்த இரண்டு பேர் சாட்சி சொல்லத் தயார், பேசிவிட்டேன். கூலி 900, ஜிபேயில் வந்ததெல்லாம் இருக்கிறது. மேஸ்திரி பேப்பரை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆய்க்குடிக்குப் போன் போட்டேன், அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அட்டை வரும்வரை காத்திருக்கவில்லை.

வாசல் சறுக்கு எனக்கு விட்டுவிடுங்கள். மாமாவும் கொத்தனாரும் நான்கு அடி என்று நின்றார்கள். ஏழு வருஷம் சென்ட்ரிங் அடித்தவன் நான், எனக்கு லெவல் பார்க்கத் தெரியாதா? கட்டிலை ஜன்னலுக்கு இழுக்கச் சொல்லி, டியூப் லெவல் பிடித்து, அங்கிருந்தே குறி போட வைத்தேன். 18 அடி, நடுவில் திருப்பம். கான்கிரீட் போட்டாயிற்று, நனைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாலுசக்கரம் அண்ணா, ராத்திரி கூப்பிடுகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். பின்பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ள நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடி இருக்கிறதாமே. தாராபுரத்தில் கேட்டால் சலூன் கண்ணாடி தருகிறார்கள். எந்த அளவில் வாங்குவது? அக்கா பார்த்துச் சொல்வதை நிறுத்த வேண்டும்.

நாலுசக்கரம் | ஆகஸ்ட் 19, பிற்பகல் 2:41

சலூன் கண்ணாடியே போதும். ஒரு பிவிசி பைப் துண்டில் கட்டிக்கொள். நானும் அப்படித்தான்.